தோண்டிய குழியில் மறுபடியும் புதையல் கிடைக்குமா?

புதையல்!

இந்தச் சொல்லுக்கு ஒரு மந்திர சக்தி உண்டு. தூங்கி விழுகிற குழந்தையும் இதைக் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடும். "எங்கே புதையல்? யார் எடுத்தார்கள்?" என்று தாத்தாவும் கேட்பார்.

அதனால்தான் புதையல் தேடும் படம் என்றால் குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறோம். ஒரு பழைய வரைபடம். அதை வைத்துக்கொண்டு ஓடும் நல்லவர்கள். அவர்களைத் துரத்தும் கெட்டவர்கள். நடுவே காடு, அருவி, குகை, முதலை! இவ்வளவும் இருந்தால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது.

சரி, ஒரு முறை புதையல் கிடைத்த குழியையே மறுபடியும் தோண்டினால் இன்னொரு புதையல் கிடைக்குமா?

அமெரிக்கப் பட முதலாளிகள் தோண்டிப் பார்த்தார்கள். பணம் வந்தது, படம் வரவில்லை! பழைய கதைதான். ஆனால், ஒரு படம் ஓடிவிட்டால் உடனே "இரண்டாம் பாகம்" என்று அறிவிக்கிற இந்தக் காலத்துக்கு அதில் நல்ல பாடம் இருக்கிறது.

ஓட்டலில் பரிமாறிய பெண்

டயேன் தாமஸ் என்று ஒரு பெண். அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், மாலிபு என்னும் கடற்கரை ஊரில் ஓர் ஓட்டலில் பரிமாறும் வேலை செய்தார். வேலை போக மிஞ்சிய நேரத்தில் சினிமாவுக்கு ஒரு கதை எழுதினார். அதற்கு முன்பு அவர் எழுதிய எதுவும் படமாக வந்ததில்லை. சிபாரிசு செய்யப் பெரிய மனிதர் யாரும் இல்லை.

1979-ம் ஆண்டு அந்தக் கதை விலை போயிற்று. விலை எவ்வளவு தெரியுமா? இரண்டரை லட்சம் டாலர்! வாங்கியவர் மைக்கேல் டக்ளஸ். அவர் நடிகர் மட்டும் அல்ல. படத் தயாரிப்பாளரும் ஆவார். அவர் கூட்டாகத் தயாரித்த ஒரு படத்துக்கு, 1975-ம் ஆண்டின் சிறந்த படம் என்று ஆஸ்கார் பரிசு கிடைத்திருந்தது.

டயேன் எழுதிய கதைக்குப் பெயர் "ரொமான்சிங் தி ஸ்டோன்". மரகதக் கல் ஒன்றைத் தேடிப் போகும் கதை. ஐந்து ஆண்டு காத்திருந்து, 1984-ம் ஆண்டு மார்ச் மாதம் அது படமாக வந்தது. மைக்கேல் டக்ளஸே கதாநாயகன். கதாநாயகி காத்லீன் டர்னர். வில்லனும் கோமாளியுமாகச் சேர்ந்த வேடத்தில் குள்ள நடிகர் டேனி டிவிட்டோ. டைரக்டர் ராபர்ட் ஜெமெக்கிஸ்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. எடுக்க ஆன செலவு சுமார் ஒரு கோடி டாலர். அமெரிக்காவில் மட்டும் வசூல் சுமார் 7 கோடியே 60 லட்சம் டாலர்!

பயந்தாங்கொள்ளி எழுத்தாளர்

ஏன் ஓடியது? கதையைக் கேளுங்கள்.

ஜோன் வைல்டர் நியூயார்க்கில் தனியாக வாழும் பெண். காதல் கதைகள் எழுதிப் பிழைக்கிறாள். துணைக்கு ஒரு பூனை. அவள் எழுதும் கதாநாயகிகள் குதிரை ஏறுவார்கள், கத்தி வீசுவார்கள். அவளோ, கூட்டத்தைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறவள்.

ஒருநாள், தென் அமெரிக்காவில் உள்ள கொலம்பியா நாட்டிலிருந்து டெலிபோன் வருகிறது. அவளுடைய அக்காவைக் கயவர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். அக்காவின் கணவர் இறப்பதற்கு முன்பு ஜோனுக்குத் தபாலில் அனுப்பிய வரைபடத்தைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் விடுவார்களாம்.

ஜோன் நடுங்குகிறாள். ஆனாலும் புறப்படுகிறாள். போன இடத்தில் தவறான பஸ்சில் ஏறிவிடுகிறாள். காட்டு வழியில் தனியாக நிற்கிறாள். அப்போது வருகிறான் ஜாக் கோல்டன். பறவை பிடித்து விற்கிற முரடன். "டெலிபோன் இருக்கிற ஊர்வரை கொண்டுபோய் விடு" என்று கெஞ்சுகிறாள். கூலி பேசுகிறார்கள். 375 டாலர்!

முதல் வேலையாக, அவளுடைய உயர்ந்த குதிகால் செருப்பை வாங்கி, குதிகாலை வெட்டுக்கத்தியால் வெட்டி எறிகிறான் ஜாக். சின்னக் காட்சிதான். ஆனால் நகரத்துப் பெண் காட்டில் நடக்கத் தொடங்கிவிட்டாள் என்பது பச்சைக் குழந்தைக்கும் புரிந்துவிடுகிறது.

மழை, மண்சரிவு, பாதாளம், துப்பாக்கி. ஒவ்வோர் ஆபத்தையும் கடக்கும்போது அவளுடைய பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுகிறது. கடைசியில், வில்லன் கத்தியோடு பாய்கிறான். காப்பாற்றுவதற்காக ஜாக் மதில்மேல் ஏறி வருகிறான். அவன் வந்து சேருவதற்குள் அவளே வென்றுவிடுகிறாள்!

அந்த மரகதக் கல்லின் பெயர் "எல் கொராசான்". ஸ்பானிய மொழியில் "இதயம்" என்று பொருள். கல்லைத் தேடிப் போனவள் தைரியத்தை எடுத்துக்கொண்டு திரும்புகிறாள். உண்மையான புதையல் அதுதான்.

எழுத்துக்கு மரியாதை

இந்தப் படத்தில் நமக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு.

வில்லனுக்குப் பயந்து ஓடிய இருவரும் ஒரு மலைக் கிராமத்துக்கு வருகிறார்கள். அங்கே ஒரு முரட்டுத் தலைவன். அவனிடம்தான் வண்டி இருக்கிறது. கதவைத் தட்டினால் துப்பாக்கி நீளுகிறது. அப்போது ஜாக் அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறான். தலைவனின் முகம் மாறுகிறது. "ஜோன் வைல்டரா? கதை எழுதும் ஜோன் வைல்டரா?" என்று துள்ளிக் குதிக்கிறான். அவளுடைய புத்தகம் எல்லாம் அவன் வீட்டு அலமாரியில் இருக்கிறது! சனிக்கிழமைதோறும் தன் ஆட்களை உட்கார வைத்து, அந்தக் கதைகளை வாசித்துக் காட்டுகிறவன் அவன்.

படிக்கத் தெரிந்த ஒருவர், படிக்கத் தெரியாத பத்துப் பேருக்கு வாசித்துக் காட்டுவது எவ்வளவு பெரிய காரியம்! துப்பாக்கி திறக்காத கதவை ஒரு கதைப் புத்தகம் திறந்துவிட்டது. ஓட்டலில் பரிமாறிக்கொண்டே கதை எழுதிய ஒருவருடைய மனத்திலிருந்துதான் இப்படி ஒரு காட்சி வரமுடியும்.

வந்தது இரண்டாம் பாகம்

படம் ஓடியதும் முதலாளிகளுக்கு ஆசை பிறந்தது. "இன்னொன்று எடு" என்றார்கள். முதல் கதை எழுதி, விலை பேசி, படமாகத் திரைக்கு வர ஐந்து ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இரண்டாம் பாகமோ முதல் படம் வந்த இருபதே மாதத்தில், 1985-ம் ஆண்டு டிசம்பரில், வந்துவிட்டது! பெயர் "தி ஜுவல் ஆப் தி நைல்". அதாவது, "நைல் நதியின் ரத்தினம்".

நடிகர்கள் அதே மூவர். ஆனால் டைரக்டர் மாறிவிட்டார். ஜெமெக்கிஸ் "பேக் டு தி பியூச்சர்" என்ற வேறு படத்துக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு லூயிஸ் டீக் வந்தார். டயேன் தாமசுக்கு வேறு வேலை இருந்தது. ஆகவே கதை எழுதும் பொறுப்பு வேறு இருவரிடம் போயிற்று.

எழுதி வந்த கதை காத்லீன் டர்னருக்குப் பிடிக்கவில்லை. விலகிக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. இரண்டாம் படத்திலும் நடிப்பதாக ஏற்கெனவே ஒப்பந்தம் இருந்தது. நடித்துத் தீர வேண்டியதாயிற்று.

கதாநாயகிக்கே பிடிக்காத கதை, காசு கொடுத்துப் பார்க்கிறவர்களுக்கு எப்படிப் பிடிக்கும்?

கதை இதுதான்

ஜோனும் ஜாக்கும் ஒரு படகில் உல்லாசமாகச் சுற்றுகிறார்கள். ஆறு மாதம் ஆகிறது. ஜோனுக்குச் சலித்துவிட்டது. கதை எழுத வரவில்லை. அப்போது நைல் நதிப் பக்கத்துத் தலைவன் ஒருவன் வருகிறான். பெயர் ஓமர். "என் வாழ்க்கை வரலாற்றை எழுத வாருங்கள்" என்கிறான். ஜோன் போகிறாள். போன பிறகுதான் அவன் கொடுங்கோலன் என்று தெரிகிறது. சிறைபடுகிறாள்.

அவளைத் தேடி ஜாக் வருகிறான். கூடவே டிவிட்டோவும் வருகிறார். ரத்தினம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு இருவருக்கும் நாக்கில் நீர் ஊறுகிறது.

பிறகு ஓட்டம்தான். போர் விமானத்தில் ஏறுகிறார்கள். அது பறக்கவில்லை! தரையிலேயே சுவர்களை இடித்துக்கொண்டு ஓடுகிறது. அப்புறம் ஒட்டகம். அப்புறம் ரயில். கடைசியில் பெரிய தீ.

எல்லாம் பிரமாண்டம். செலவு முதல் படத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் மனம் ஒட்டவில்லை.

எங்கள் வீட்டில் இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்தோம். முதல் ஞாயிறு, சோற்றுத் தட்டு கையிலேயே காய்ந்தது. அடுத்த ஞாயிறு, விமானம் சுவரை இடிக்கும்போதே பிள்ளைகள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள். "நேற்றுச் சுட்ட வடையை இன்றைக்குச் சூடு பண்ணிக் கொடுத்த மாதிரி இருக்கிறது" என்றார் அம்மா. எத்தனை பக்கம் விமரிசனம் எழுதினாலும் இதற்கு மேல் சொல்ல முடியாது.

குறை எங்கே?

முதல் குறை: கதாநாயகி மாறுவதற்கு இடமே இல்லை. பயந்தவள் தைரியசாலி ஆனது முதல் படம். தைரியசாலி ஆனபிறகு அவள் என்ன ஆவாள்? அதை யாரும் யோசிக்கவில்லை. ஆகவே அவளை மறுபடியும் கட்டிப் போட்டார்கள். மறுபடியும் ஓட விட்டார்கள். கால் ஓடுகிறது. கதை நின்ற இடத்தில் நிற்கிறது.

இரண்டாவது குறை: ஆபத்துக்குக் காரணம் இல்லை. முதல் படத்தில் எல்லாம் அந்த வரைபடத்திலிருந்து பிறக்கிறது. அக்கா பிடிபட்டதும் அதனால். வில்லன் துரத்துவதும் அதனால். ஒரு கண்ணியை இழுத்தால் சங்கிலி முழுவதும் வரும். இரண்டாம் படத்தில் விமானத்தை எடுத்துவிட்டு யானையை வைத்தாலும் கதை மாறாது!

மூன்றாவது குறை: அந்த ஊர் மக்கள். முதல் படத்தில் முரட்டுத் தலைவனை ஒரு நல்ல வாசகனாகக் காட்டினார்கள். அவனோடு சேர்ந்து நாமும் சிரித்தோம். இரண்டாம் படத்தில் அரபு மக்கள் ஒன்று கொடியவர்கள், அல்லது கோமாளிகள். எந்த நாடு என்றுகூடத் தெளிவாகச் சொல்லவில்லை. படத்தின் பெரும்பகுதியை எடுத்தது மொராக்கோவில். அங்கே நைல் நதி ஓடவில்லை!

இடத்தை மாற்றி எடுப்பது தவறு அல்ல. கொலம்பியாவில் நடப்பதாகச் சொன்ன முதல் படத்தையும் மெக்சிகோவில்தான் எடுத்தார்கள். ஆனால் அங்கே மனிதர்கள் மனிதர்களாக இருந்தார்கள். ஊர் பொய்யாக இருக்கலாம். மனிதர் பொய்யாக இருக்கக்கூடாது.

நல்லதும் உண்டு

நியாயமாகப் பேசவேண்டும். இரண்டாம் படத்தில் ஒரு நல்ல கருத்து இருக்கிறது.

"நைல் நதியின் ரத்தினம்" என்று எல்லோரும் தேடுகிறார்களே, அது கல்லே அல்ல. அது ஒரு மனிதர்! மக்கள் போற்றும் ஒரு சாது. ஓமர் அவரை ஒளித்து வைத்துவிட்டு, தானே தெய்வப் பிறவி என்று காட்டிக்கொள்ளப் பார்க்கிறான். தீயில் நடப்பதுபோல வித்தை காட்ட, இசைக் கச்சேரி மேடைகளில் வேலை செய்கிற ஒரு வெள்ளைக்காரனைக் கூலிக்குப் பிடிக்கிறான். கடைசியில் உண்மையான சாது தீயின் நடுவே அமைதியாக நடந்து வருகிறார்.

அந்த சாது வேடத்தில் அவ்னர் ஐசன்பர்க் என்ற மேடைக் கோமாளி நடித்திருக்கிறார். அவர் வரும் இடமெல்லாம் படம் கொஞ்சம் மூச்சு விடுகிறது. "ரத்தினம் என்றால் கல் இல்லையா?" என்று எங்கள் வீட்டுச் சின்னவன் கேட்டான். நல்ல கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டு கதையை வளர்த்திருந்தால் முதல் படத்தையே மிஞ்சியிருக்கும். ஆனால் அடுத்த நிமிடமே வெடிகுண்டு வெடிக்கிறது. கேள்வி புகையில் மறைந்துவிடுகிறது.

துயரம்

படம் எடுத்தவர்களுக்கும் அது நல்ல காலமாக இல்லை. மொராக்கோவில் படப்பிடிப்புக்கு இடம் பார்க்கப் போன விமானம் விழுந்தது. தயாரிப்பு நிர்வாகி ஒருவரும் காட்சி அமைப்பாளர் ஒருவரும் உயிர் இழந்தார்கள்.

1985-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி இன்னொரு துயரம். டயேன் தாமஸ் கார் விபத்தில் இறந்துபோனார். வயது 39. இரண்டாம் படம் திரைக்கு வர இரண்டு மாதம்கூட இல்லை. அவர் எழுதித் திரைக்கு வந்த கதை அந்த ஒன்றுதான்.

இறந்த மூவருக்கும் அந்தப் படத்தைக் காணிக்கை ஆக்கினார்கள்.

இதை எண்ணிப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. "ரத்தினம் கல் அல்ல, மனிதர்" என்று படம் எடுத்தார்கள். ஆனால் தங்களுக்குக் கிடைத்த ரத்தினம் எது என்று அவர்களுக்கே தெரியவில்லை! நடிகர்களைப் பிடித்து வைத்தார்கள். படகைப் பிடித்து வைத்தார்கள். ஒப்பந்தத்தைப் பிடித்து வைத்தார்கள். அந்தக் கதையைக் கண்டெடுத்தவருக்காகக் காத்திருக்கவில்லை.

காத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது என்று சிலர் சொல்லலாம். விதி அப்படி. ஆனால் அவசரப்பட்டபோது அந்த விதி யாருக்கும் தெரியாது. அன்று அவர்கள் கணக்குப் பார்த்தது காலத்தை மட்டும்தான். "சூடு ஆறுவதற்குள் விற்றுவிடவேண்டும்" என்ற கணக்கு!

பணம் வந்ததே!

"பணம் வந்ததா, இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு.

வந்தது. இரண்டாம் படமும் அமெரிக்காவில் ஏறக்குறைய முதல் படத்தின் அளவுக்கே வசூல் ஆயிற்று. படம் நன்றாக இருந்ததால் வந்த பணமா அது? பெரும்பாலும் இல்லை. முதல் படத்தின்மேல் ஜனங்கள் வைத்த நம்பிக்கை கொண்டுவந்த பணம். நம்பிக்கையைக் கடனாக வாங்கிச் செலவழித்துவிட்டார்கள்.

அதன் பிறகு என்ன ஆயிற்று? மூன்றாம் பாகம் எடுக்கப் பேச்சு நடந்தது. பேச்சோடு நின்றது. அந்த மூன்று நடிகர்களும் 1989-ல் "தி வார் ஆப் தி ரோசஸ்" என்ற படத்தில் மறுபடியும் சேர்ந்தார்கள். டிவிட்டோவே டைரக்டர். ஆனால் அது வேறு கதை. ஜோன் வைல்டர் திரைக்குத் திரும்பவே இல்லை.

பொன் முட்டை இடும் வாத்தின் கதை நமக்குத் தெரியும். வயிற்றைக் கிழித்தவனுக்கு அன்றைக்குக் கறி கிடைத்திருக்கும். மறுநாள் முட்டை கிடைக்கவில்லை.

என்ன செய்யலாம்?

இரண்டாம் பாகமே எடுக்கக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. முதல் பாகத்தில் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தால் எடுக்கலாம். கதாநாயகி இன்னும் போகவேண்டிய தூரம் இருந்தால் எடுக்கலாம். "முதல் படம் ஓடியது" என்பது மட்டும் காரணமாக இருந்தால் எடுக்கக்கூடாது.

பட முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. தேதியைக் குறித்துவிட்டுக் கதை தேடாதீர்கள். கதை கிடைத்தபிறகு தேதியைக் குறியுங்கள். எழுதுகிறவருக்கு நேரம் கொடுங்கள். அவர் பெயர் சுவரொட்டியில் சின்ன எழுத்தில் இருக்கலாம். ஆனால் வரைபடம் அவர் கையில்தான் இருக்கிறது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. டிக்கெட் வாங்கும் காசு உழைத்த காசு. "இரண்டாம் பாகம்" என்ற சொல்லைக் கண்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடவேண்டாம். பார்த்துவிட்டு வந்த நாலு பேரைக் கேளுங்கள். பிறகு போங்கள். இந்த இரண்டு படங்களிலும் பெரியவர்களுக்கான காட்சிகள் சில உண்டு. பிள்ளைகள் பார்த்தால் நீங்களும் பக்கத்தில் இருங்கள்.

படம் முடிந்ததும் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்தப் பெண் தொடக்கத்தில் எப்படி இருந்தாள்? கடைசியில் எப்படி ஆனாள்?"

முதல் படத்தைப் பார்த்த பிள்ளைகள் மூச்சு விடாமல் பதில் சொல்வார்கள். இரண்டாம் படத்தைப் பார்த்தவர்கள் விமானம் சுவரை இடித்ததைச் சொல்வார்கள். அந்த வித்தியாசம் அவர்களுக்குப் புரிந்துவிட்டால், இனி எந்தச் சுவரொட்டியும் அவர்களை ஏமாற்ற முடியாது.

எழுதப் பழகுகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. ஓட்டலில் தட்டுக் கழுவுகிறோமே, மில்லில் நூல் முடிகிறோமே, நமக்கு எதற்கு எழுத்து என்று எண்ணவேண்டாம். பரிமாறும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து காகிதத்தை எடுத்த ஒரு பெண்ணின் கதை, ஐந்து ஆண்டு கழித்து உலகத்தைச் சிரிக்க வைத்தது. அவர் போய்விட்டார். அந்த மலைக் கிராமத்துத் தலைவன் மட்டும் திரையில் இன்னமும் கதவைத் திறந்து, "கதை எழுதும் ஜோன் வைல்டரா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.